மாக்கோழி

போலி இறைச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை இருபதாம் நூற்றாண்டுத் தொழிற்சாலைச் சமாச்சாரமாகவே பேசுகிறார்கள். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவை விற்க முதலாளி கண்டுபிடித்த தந்திரம் என்பது ஒரு கட்சி. கொல்லாமையை நோக்கி விஞ்ஞானம் எடுத்துவைத்த அடி என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்கும் சரித்திரம் தேவைப்படவில்லை. எனக்குத் தெரிந்த மிகப் பழைய போலி இறைச்சிகள் சமையலறையில் செய்யப்பட்டவை அல்ல, பலிபீடத்துக்காகச் செய்யப்பட்டவை. மனிதன் தின்பதற்கு முன்னால் தெய்வம் தின்றது. இது ஞாபகத்தில் இருந்தால் இன்றைய விவாதத்தில் பாதி வேறு மாதிரி தொனிக்கும் என்று எனக்குப் படுகிறது.

சதபத பிராமணத்தின் முதல் காண்டத்தில் ஒரு விளக்கம் வருகிறது. தேவர்கள் முதலில் மனிதனைப் பலி கொடுத்தார்கள். அவனிடமிருந்த வேள்விச் சாரம் (மேதம் என்று அதற்குப் பெயர்) அவனை விட்டுக் குதிரைக்குள் போயிற்று. குதிரையிலிருந்து மாட்டுக்கு, மாட்டிலிருந்து செம்மறிக்கு, செம்மறியிலிருந்து வெள்ளாட்டுக்கு. கடைசியில் பூமிக்குள் இறங்கிவிட்டது. தேவர்கள் தோண்டித் தேடியபோது அது நெல்லாகவும் வாற்கோதுமையாகவும் கிடைத்தது. ஆகவே அரிசிமாவில் தட்டிச் சுடும் புரோடாசம் என்கிற அடையில் இந்த ஐந்து பலிகளும் அடங்கியிருக்கின்றன. மாவாக இருக்கையில் அது ரோமம். தண்ணீர் விட்டால் தோல். பிசைந்தால் சதை. சுட்டால் எலும்பு. நெய் தெளித்தால் மஜ்ஜை.

இதைச் சொன்னவன் மிருகத்துக்குப் பதிலாக அடையைச் சிபாரிசு செய்கிறான் என்று நினைத்துவிடக் கூடாது. அவன் காலத்தில் ஆடும் வெட்டினார்கள், அடையும் சுட்டார்கள். அடைதான் ஆடு என்பது அவன் கட்சி. ஒன்று இன்னொன்றைப் போல இருப்பதல்ல, ஒன்று இன்னொன்றாகவே இருப்பது. போலி என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கும் இழிவு அவனுக்குத் தெரியாது.

இழிவு பின்னால் வருகிறது. கூடவே சலுகையும் வருகிறது. மநு ஸ்மிருதியின் 5ஆவது அத்தியாயத்தில், புலால் ஆசை மிஞ்சிப் போனவனுக்கு ஒரு வழி சொல்லப்படுகிறது. நெய்யாலோ மாவாலோ ஒரு மிருகத்தைச் செய்துகொள்ளலாம். காரணமில்லாமல் உயிருள்ள மிருகத்தைக் கொல்ல நினைக்கவே கூடாது. இங்கே பேசப்படுவது தெய்வத்தின் பசி இல்லை, மனிதனுடைய ஆசை. அந்த ஆசைக்கு ஒரு பொம்மை கொடுக்கப்படுகிறது. இன்றைக்குக் கடைகளில் குளிர்ப்பெட்டியில் வைத்து விற்கப்படும் அத்தனை போலி இறைச்சிக்கும் தத்துவம் இந்த ஒரு விதியில் இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் மத்வரின் வழி வந்தவர்கள் இதை வேள்விக்கே கொண்டுபோனார்கள். ஆட்டுக்குப் பதில் மாவால் செய்த பிஷ்டபசு போதும் என்றார்கள். ஆட்டைக் கைவிட மறுத்த மற்ற வைதிகர்களோடு இதனால் தகராறு. தகராறு பழங்கதையாகிவிட்டது என்று நினைக்கிறவர்களுக்கு 1975ஐ ஞாபகப்படுத்த வேண்டும். அந்த வருஷம் ஏப்ரலில் கேரளத்தில் பாஞ்ஞாள் என்ற ஊரில் நம்பூதிரிகள் 12 நாள் அக்னிசயனம் நடத்தினார்கள். ஃப்ரிட்ஸ் ஸ்டால் என்ற அறிஞரும் அவரோடு வந்த படப்பிடிப்புக் குழுவும் அதைப் பதிவு செய்தார்கள். விதிப்படி ஆடுகள் பலியாக வேண்டும். எதிர்ப்பு கிளம்பிற்று. கடைசியில் ஆடுகளின் இடத்தில் இலையில் சுற்றிய அரிசிமாப் பொட்டலங்கள் நெருப்பில் போயின. உலகத்தின் மிகப் பழைய சடங்குகளில் ஒன்று என்று சொல்லிக் காமிராவில் பிடிக்கப்பட்டதில், பலி மட்டும் மாவு. இதைச் சடங்கின் வீழ்ச்சி என்று சிலர் வருத்தப்பட்டிருக்கலாம். சதபத பிராமணத்தைப் படித்தவர்கள் வருத்தப்பட அவசியமில்லை.

ஆனால் இந்த வசதியான பரிமாற்றத்தை ஏற்க மறுத்த ஒரு குரல் உண்டு. அது சமணருடைய குரல். தமிழில் ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான யசோதர காவியத்தில் அதைக் கேட்கலாம். நம் பண்டிதர்கள் ஐஞ்சிறுகாப்பியங்களைப் பட்டியல் ஒப்பிப்பதோடு நிறுத்திக்கொண்டதால் இந்தக் கதையின் விபரீதம் நம்மிடையே அதிகம் உறைக்கவில்லை. கதையைச் சொல்லிவிடுகிறேன்.

உஜ்ஜயினி அரசன் யசோதரன். அவன் மனைவி அமிர்தமதி. இரவில் அரண்மனைக்கு அருகே யானைப்பாகன் ஒருவன் பாடுகிறான். அவன் பாட்டில் மயங்கி, விகாரமான அந்த மனிதனிடமே அவள் போய்ச் சேருகிறாள். ஒரு நாள் யசோதரன் பின்தொடர்ந்து போய்ப் பார்த்துவிடுகிறான். வாளை உருவியவன், உருவியபடியே திரும்பிவிடுகிறான். மறுநாள் முகம் வாடியிருப்பதைப் பார்த்துத் தாய் சந்திரமதி காரணம் கேட்க, உண்மையைச் சொல்ல வாய் வராமல் கெட்ட கனவு கண்டதாகச் சொல்கிறான். கனவின் தோஷம் நீங்கச் சண்டமாரிக்கு உயிர்ப்பலி கொடு என்கிறாள் தாய். கொல்ல மாட்டேன் என்கிறான் மகன். அப்படியானால் மாவில் ஒரு கோழி செய்து அதை வெட்டு என்கிறாள். இவனும் இணங்குகிறான். மாக்கோழி வெட்டப்படுகிறது. வெட்டு விழும்போது அது உயிருள்ளது போலக் குரல் எழுப்பிற்று என்று கதையின் சில வடிவங்கள் சொல்லும்.

பிறகு அமிர்தமதி கணவனையும் மாமியாரையும் விஷம் வைத்துக் கொல்கிறாள். தாயும் மகனும் மிருகங்களாகவும் பறவைகளாகவும் பிறவி பிறவியாக அலைகிறார்கள். ஒரு பிறவியில் மயிலும் நாயும். தன் மகன் தனக்காகச் செய்யும் சிராத்தத்திலேயே இறைச்சியாகிப் பரிமாறப்படும் கொடுமையும் நடக்கிறது. கடைசியில் இருவரும் நிஜமான கோழிகளாகவே பிறக்கிறார்கள். முனிவர் ஒருவர் செய்யும் அறவுரையைக் கேட்டு மகிழ்ந்து கூவுகிறார்கள். பக்கத்தில் இருந்த அரசன், குரலை வைத்தே குறிபார்க்கும் தன் வில்வித்தையைக் காட்ட விரும்பி, அந்தக் கூவலின் மேல் அம்பு விடுகிறான். அம்பு விட்டவன் போன பிறவியில் இவனுக்கு மகன்.

இத்தனையும் ஒரு பிடி மாவுக்காக. சோமதேவர் 959இல் வடமொழியில் எழுதிய யசஸ்திலகத்தில் இந்தக் கதை இருக்கிறது. 1209இல் கன்னடத்தில் ஜன்னன் எழுதினான். 1980இல் கிரீஷ் கார்னாட் ‘ஹிட்டின ஹுஞ்ச’ என்று நாடகமாக்கினார். மாச்சேவல் என்பது பொருள். ஆயிரம் வருஷம் இந்தக் கதை எழுத்தாளர்களை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் கள்ளக் காதல் மட்டும் அல்ல. கொல்லாமல் கொல்ல முடியுமா என்ற கேள்வி.

சமணத்தின் பதில் கறாரானது. ஹிம்சை இரண்டு வகை. உடலில் நிகழ்வது ஒன்று, எண்ணத்தில் நிகழ்வது ஒன்று. மாவை வெட்டியபோது யசோதரன் மாவை நினைத்து வெட்டவில்லை, கோழியை நினைத்து வெட்டினான். எண்ணம் நடந்துவிட்டது, உடல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மநு எதை ஆசைக்கு வடிகால் என்றானோ, அதையே சமணக் கவி ஆசைக்கு உணவு என்கிறான். போலி இறைச்சியைப் பற்றி உலகத்தில் சொல்லக்கூடிய இரண்டே இரண்டு அபிப்பிராயங்கள் இவைதான். பிற்பாடு சொல்லப்பட்டதெல்லாம் இவற்றுக்கு உரை.

இதே தடுமாற்றம் சீனத்தில் ஒரே மனிதனுக்குள் நடந்திருக்கிறது. லியாங் வம்சத்து ஊ சக்கரவர்த்தி (ஆட்சி 502-549) தீவிர பௌத்தர். புத்தர் இறைச்சியை அடியோடு விலக்கவில்லை. தனக்காகக் கொல்லப்பட்டதைப் பார்க்காமல், கேட்காமல், சந்தேகிக்காமல் இருந்தால் பிட்சையில் விழுந்ததைத் துறவி உண்ணலாம் என்பது பாலி மரபு. புலால் உண்ணாமையைக் கட்டாயமாக்கச் சொன்ன தேவதத்தனுக்கு அவர் இணங்கவில்லை. விலைகொடுத்து வாங்குகிறவன் இல்லாவிட்டால் விற்கிறவனும் இருக்க மாட்டான் என்று குறளில் வரும் வாதம் இந்தச் சலுகையைத்தான் குறிவைக்கிறது என்று தோன்றுகிறது. மகாயான சூத்திரங்கள் பிறகு சலுகையை மூடின. ஊ சக்கரவர்த்தி அவற்றைச் சட்டமாக்கினார். துறவிகளுக்கு மதுவும் மாமிசமும் கூடாது என்றார். 517இல் ஒருபடி மேலே போய், மூதாதையர் கோயிலில் மிருகபலியை நிறுத்தி மாவால் செய்த உருவங்களைப் படைக்க உத்தரவிட்டார். மூதாதையருக்கு இனி ரத்தம் கிடைக்காதே என்று சபையில் முணுமுணுப்பு எழுந்தது.

அதே வருஷத்தில் இன்னோர் உத்தரவும் போட்டார். பட்டில் பறவைகளும் மிருகங்களும் நெய்யக் கூடாது. ஏன்? துணியை வெட்டித் தைக்கும்போது அந்த உருவங்களும் வெட்டுப்படும். அது கருணைக்கு விரோதம். மாவால் மிருகம் செய்யச் சொன்ன கையே பட்டில் மிருகம் வேண்டாம் என்று எழுதுகிறது. காலையில் மநு, மாலையில் சமணர். இந்த முரண்பாட்டைச் சிரித்துத் தள்ள எனக்கு முடியவில்லை. உருவத்துக்கு எவ்வளவு உயிர் உண்டு என்பது கலையைப் பற்றி யோசிக்கிற எவனுக்கும் வரவேண்டிய கேள்வி.

பலிபீடத்திலிருந்து போலி இறைச்சி சாப்பாட்டு மேஜைக்கு இறங்கிய பாதையும் சீனத்தில் தெளிவாகத் தெரிகிறது. 10ஆம் நூற்றாண்டில் தாவ் கூ எழுதிய நூலில், சிக்கனக்காரரான ஓர் அதிகாரியைப் பற்றிய குறிப்பு உண்டு. இறைச்சி வாங்காமல் தினம் சில துண்டு சோயாப் பாற்கட்டி (தோஃபு) வாங்கிச் சாப்பிட்டுவந்தார். ஊரார் அதற்கு அவருடைய பதவியைச் சேர்த்து ஆட்டுக்கறி என்று பெயர் வைத்துவிட்டார்கள். தெய்வமும் இல்லை, கொல்லாமையும் இல்லை. காசில்லாத ஆட்டுக்கறி. 13ஆம் நூற்றாண்டில் லின் ஹோங் எழுதிய சமையல் நூலில் பொய் வறுவல் கறி என்றே ஒரு பண்டம் இருக்கிறது. சுரைக்காயையும், கோதுமை மாவைக் கழுவிக் கழுவி எடுத்த பசையையும் மெல்லிசாக நறுக்கி வறுப்பது. இங்கே ஆசாரம் நாகரிகமாகிவிட்டது. விருந்தாளி ஏமாறுவதில் சமையல்காரனுக்குப் பெருமை.

ஏமாற்று என்ற சொல்லையே பெயராக வைத்துக்கொண்ட பண்டம் வங்காளத்தில் இருக்கிறது. பருப்பை அரைத்துக் கிளறி வில்லையாக வெட்டிப் பொரித்துக் குழம்பில் போடுவது. பெயர் தோகார் டால்னா. தோகா என்றால் வஞ்சனை. பலாப்பிஞ்சுக்கு அங்கே மரத்து ஆடு என்று செல்லப் பெயர். இந்தச் சமையலை விதவைகளின் அடுக்களையோடு சேர்த்தே பேசுகிறார்கள். மீனும் இறைச்சியும் வெங்காயமும் பூண்டும் ஒரு நாளில் பறிக்கப்பட்டு, மிச்ச ஆயுளைத் தனி அடுப்பில் கழித்த பெண்கள். அதே வங்காளத்தில் காளிக்கு வெட்டிய ஆட்டை வெங்காயம் பூண்டு சேர்க்காமல் சமைத்தால் அதற்கு ‘நிராமிஷ மாங்ஸம்’, அதாவது சைவக் கறி, என்று பெயர். ஆண்கள் ஆட்டைத் தின்றுவிட்டுச் சைவம் என்றார்கள். பெண்களுக்குப் பருப்பு வில்லை கிடைத்தது. அதற்கு வஞ்சனை என்று பெயர். மாக்கோழியைப் பற்றி மநுவும் சமணரும் கேட்காமல் விட்ட கேள்வி இங்கே எழுகிறது. அதை யார் யாருக்காகச் செய்கிறார்கள்?

நான் கறி தின்கிற வீட்டில் பிறந்தவன். எங்கே நின்று பேசுகிறேன் என்று தெரிவதற்காகச் சொல்கிறேன். தமிழில் புலால் உண்ணாமைக்கு வழங்கும் சொல் ஒரு மதத்தின் பெயர். இது விசித்திரம். அந்த மதத்தின் அடியார்களில் ஒருவர் பன்றிக்கறியை வாயில் சுவை பார்த்துத் தெய்வத்துக்குப் படைத்தார். இன்னொருவரிடம் தெய்வமே வந்து பிள்ளைக்கறி கேட்டது. பெரிய புராணத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் கண்ணப்பரையும் சிறுத்தொண்டரையும் கும்பிட்டுவிட்டு, சைவம் என்றால் கத்தரிக்காய் என்று சொல்கிறார்கள். சொல் இப்படிச் சுருங்கியது தற்செயல் அல்ல. வாடகைக்கு வீடு தேடிப் போகும் இடத்தில் ‘நீங்க சைவமா’ என்ற கேள்விக்கு என்ன அர்த்தம் என்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். அங்கே விசாரிக்கப்படுவது அடுப்பில் என்ன வேகிறது என்பது மட்டும் அல்ல.

நம்மிடமும் மாக்கோழி உண்டு. வெண்பூசணியைக் குடைந்து குங்குமத்தைப் போட்டு நடுத்தெருவில் உடைக்கிறோம். சிவப்பு தெறிக்க வேண்டும். தெறித்தால்தான் திருஷ்டி கழியும். எலுமிச்சையை வெட்டிக் குங்குமம் தடவுகிறோம். இதை யாரும் யாருக்கும் உத்தரவாகப் போடவில்லை. சடங்கு தானாகவே ரத்தத்திலிருந்து நிறத்துக்கு நகர்ந்திருக்கிறது. பக்கத்திலேயே கருப்பனுக்குக் கிடா வெட்டும் நடந்துகொண்டிருக்கும். அடையும் ஆடும் ஒரே யாகசாலையில் இருந்தமாதிரி.

உத்தரவு வேறு வழியில் வந்தது. கோயில்களில் மிருகங்களையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை ராஜ்யத்தில் 1950இல் நிறைவேறி, நடைமுறையில் தூங்கிக்கொண்டிருந்தது. 2003 ஆகஸ்டில் தமிழக அரசு அதைக் கண்டிப்பாக அமல்படுத்தப் போவதாக அறிவித்தது. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாயோடு போனவன் குற்றவாளியானான். கசாப்புக் கடைகள் திறந்தே இருந்தன. எதிர்ப்பு வலுத்து, 2004 பிப்ரவரியில் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தச் சில மாதங்களில் ஆடுகளின் மேல் காட்டப்பட்ட கருணை, ஆட்டைக் கொல்வதைத் தடுக்கவில்லை. அதைக் குறிப்பிட்ட சில தெய்வங்களின் முன் கொல்வதைத்தான் தடுத்தது. மாமியாரோ, புருஷனை இழந்த பெண்ணோ, கருப்பனோ, எவருடைய இலையிலும் இன்னொருவர் மாக்கோழி வைத்தால் அதில் கருணை எவ்வளவு, அதிகாரம் எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கதைக்கு இதற்குப் பிறகு வருவதுதான் பொருத்தம். 1890களின் இறுதியில் மிச்சிகனில், பாட்டில் கிரீக் ஆரோக்கிய நிலையத்தில் ஜான் ஹார்வி கெல்லாக், வேர்க்கடலையிலும் கோதுமைப் பசையிலும் நட்டோஸ், புரோட்டோஸ் என்ற பண்டங்களைச் செய்தார். அட்வெண்டிஸ்ட் கிறிஸ்தவத்தில் வளர்ந்தவர்; மாமிசம் உடலைக் கெடுக்கும், காமத்தைக் கிளறும் என்பது அவர் நம்பிக்கை. பிறகு வந்த ராபர்ட் பாயர், ஹென்றி ஃபோர்டிடம் வேலை பார்த்த ரசாயன நிபுணர். சோயாப் புரதத்தைத் துணிக்கு நூலாக நூற்கும் முயற்சியில் இறங்கியவர், இந்த நூலைத் தின்னலாமே என்று யோசித்து 1954இல் காப்புரிமை பெற்றார். ஊ சக்கரவர்த்தி துணியிலிருந்து மிருகத்தை வெளியேற்றினார். பாயர் நூலிலிருந்து மிருகத்தைச் செய்தார். 1960களில் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் என்ற கம்பெனி, எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கி நார் நாராக்கியது. நம் மளிகைக் கடைகளில் மீல் மேக்கர் என்று கேட்டு வாங்குவது இந்தக் குடும்பத்துப் பிள்ளை. நான் பார்த்தவரை அது அதிகம் வேகிறது கறி தின்கிற வீடுகளில்தான். வெள்ளிக்கிழமை, புரட்டாசி, மாதக் கடைசி. தலைமுறை தலைமுறையாகப் பருப்பும் தயிரும் சாப்பிட்டவர்களுக்கு அதன் மேல் பெரிய பிரியம் இருப்பதாகத் தெரியவில்லை. நினைவு இல்லாதவனுக்குப் போலி எதற்கு?

2016இல் அமெரிக்காவில் இம்பாஸிபிள் என்ற கம்பெனி ஒரு போலி இறைச்சியை வெளியிட்டது. சோயா வேரில் இருக்கும், இரும்பைச் சுமக்கும் சிவந்த புரதம் ஒன்றை ஈஸ்டில் வளர்த்து அதில் சேர்த்திருந்தார்கள். ரத்தத்துக்கு நிறமும் ருசியும் தருவது எதுவோ அதற்கு உறவான பொருள். கடித்தால் சிவப்பாகக் கசியும். பூசணிக்குள் வைத்த குங்குமம் சோதனைச்சாலை வழியாக வந்து சேர்ந்துவிட்டது. இந்தப் புரதம் ஆபத்தில்லாதது என்று அரசாங்கத்துக்கு நிரூபிக்க எலிகளுக்கு ஊட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. சோதனையின் முடிவில் எலிகள் கொல்லப்பட்டன. 2017இல் கம்பெனியின் தலைவரே இதைப் பகிரங்கமாகச் சொல்லி, மனசு வேதனைப்பட்டு எடுத்த முடிவு என்று விளக்கினார். கோடிக்கணக்கான மாடுகளைக் காப்பாற்றச் சில எலிகள் என்பது கணக்கு. கணக்கில் பிழை இல்லை. ஆனால் யசோதர காவியத்தை எழுதிய சமணன் இதைக் கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டான். மாக்கோழி குரல் எழுப்பும் என்று அவன் எச்சரித்தது இதைத்தான்.

காந்தியின் சுயசரிதையில் சிறுவயதுச் சம்பவம் ஒன்று வருகிறது. நண்பன் தூண்டுதலில் ரகசியமாக ஆட்டுக்கறி தின்றார். அன்று இரவெல்லாம் வயிற்றுக்குள் ஆடு உயிரோடு கத்துவதுபோல் இருந்தது என்கிறார். பின்னால் லண்டனுக்குப் போகையில் தாய்க்குக் கொடுத்த சத்தியத்துக்காகப் புலால் உண்ணாமல் இருந்தார். அங்கே ஹென்றி சால்ட்டின் புத்தகத்தைப் படித்த பிறகுதான், தானாகத் தேர்ந்து சைவ உணவுக்காரர் ஆனதாகச் சொல்கிறார். சத்தியத்துக்கும் தேர்வுக்கும் நடுவில் சாப்பாட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை. தட்டில் இருந்தது அதே ரொட்டியும் காய்கறியும்தான். இருந்தும் இரண்டும் ஒன்றல்ல என்று அவருக்குத் தெரிந்தது.

தின்ற ஆடு உள்ளே கத்துகிறது. செய்த கோழி வெளியே கூவுகிறது. இரண்டும் கேட்கிற காது ஒன்றுதான். போலி இறைச்சியால் அந்தச் சத்தத்தை அடக்க முடியாது. சொல்லப்போனால் அது அந்தச் சத்தத்தால்தான் செய்யப்பட்டிருக்கிறது. அதைத் தப்பு என்று சமணன் சொன்னதை நான் ஏற்கவில்லை. கொன்றதை மறந்துவிட்டவர்களைவிட, மாவில் கோழி செய்து வெட்டுகிறவன் கோழியை அதிகம் நினைத்துக்கொண்டிருக்கிறான். ஆனால் அந்த மாவை அவன் தன் கையால், தன் ஆசைக்காக, தன் இலைக்காகப் பிசைந்திருக்க வேண்டும். யசோதரன் பிசையவில்லை. அவன் தாய் சொல்லி, வேறு யாரோ செய்து கொடுத்ததை, இல்லாத கனவுக்காக வெட்டினான். காவியம் அவனை எண்ணத்துக்காகத் தண்டிக்கிறது. எனக்கென்னவோ, அவன் சொன்ன பொய்யும் கணக்கில் சேர்ந்திருக்கும் என்று படுகிறது.